அஞ்சு மைக்ரான் ஆருக்குத் தெரியும்?

கோவைக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 38. மெக்கானிக்கல் டிப்ளமோ. பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் (சுழலும் தண்டு) கடைந்து கொடுக்கும் யூனிட்டில் 11 வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் இவர் பொறுப்பு. மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை, மகள் ஏழாம் வகுப்பு. சபையில் பாடகர் குழுவை நடத்துவது இவர்தான், கீபோர்டும் இவரே.

"சின்ன வயசிலிருந்தே எனக்கு ஏனோதானோ வேலை ஆகாது" என்று தொடங்குகிறார். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கு ஏழு மணி என்றால் ஏழே முக்காலுக்கு வருகிறார்கள், பாட்டு நோட்டைக்கூடக் கொண்டு வருவதில்லை. குழுவில் முப்பது வருடமாகப் பாடும் ஒரு அம்மா, எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், மேலே போகும் இடத்தில் அரை சுருதி இறங்கிவிடுகிறார். நாலு தடவை சொல்லியும் சரியாகவில்லை என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் பாட்டை நிறுத்தி, "கர்த்தருக்கு ஊனமான ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்தறீங்க" என்று சொல்லிவிட்டார். பெரியம்மா நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனவர்தான், பிறகு பயிற்சிக்கு வரவில்லை. போதகர் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். போதகரே அரைகுறைக்கு வக்காலத்து வாங்கினால் சபை எப்படி உருப்படும் என்று இவருக்கு ஆத்திரம்.

வீட்டில், மகளின் ரெக்கார்டு நோட்டில் கோடு சரியில்லை என்று ஒரே பக்கத்தை மூன்று தடவை கிழித்து எழுத வைத்திருக்கிறார். இப்போது மகள் நோட்டுகளைக் காட்டுவதே இல்லை.

கம்பெனியில், மாசக் கடைசியில் லோடு ஏற்ற வேண்டும் என்று அளவு தப்பின பீசுக்கும் ரிப்போர்ட்டில் ஓகே போடச் சொல்கிறார் முதலாளி. "அட ஏனுங்க, அஞ்சு மைக்ரான் ஆருக்குத் தெரியப் போகுது" என்கிறாராம். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) "ரெண்டு தடவை போட்டுட்டேன். தூக்கம் வர்றதில்லை."

கேள்விகள் இவை: வேலையையும் சபையையும் ஒரேயடியாக விட்டுவிடலாமா? நாமாக ராஜினாமா செய்தால் 11 வருடத்துக்கு எதுவும் தரமாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? பூரணராயிருங்கள் என்றுதானே வேதம் சொல்கிறது, நான் கேட்பது தப்பா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை படிக்கும்போது எதற்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பாடகர் குழுவுக்கு நாலரைப் பக்கம், மகளுக்கு ஒரு பக்கம், உங்கள் கையெழுத்தோடு பொய் அளவு போன இரண்டு ரிப்போர்ட்டுக்கு நாலே வரி. தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருப்பது அந்த நாலு வரியின் கடைசியில்தான், பாட்டைப் பற்றிய பக்கங்களில் எங்கேயும் இல்லை.

ஏனோதானோ வேலை மேல் உங்களுக்கிருக்கும் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கப்பா கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர், பட்டறைக்குள் "பரவால்ல" என்ற வார்த்தை கேட்டால் திரும்பிப் பார்ப்பார். 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கரண்டு வந்தபிறகு இந்த ஊரில் மில்லும் மோட்டாரும் பம்பும் பெருகின. இன்றைக்கு எங்கேயோ வடக்கில் இருக்கும் ஒரு விவசாயி கோயம்புத்தூர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து நம்பிப் பணத்தைக் கொடுக்கிறார் என்றால், பெயர் தெரியாத எத்தனையோ பேர் யாரும் பார்க்காத நேரத்தில் கெட்ட பீசை எடுத்து ஒதுக்கி வைத்ததால்தான். ஆக, தரம் வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குத் தகராறு கிடையாது. அதை எங்கே கேட்கிறீர்கள், யாரிடம் கேட்கிறீர்கள் என்பதில்தான்.

உளவியலில் இதற்கு ஒரு பழைய பாகுபாடு உண்டு. ஹெவிட், பிளெட் என்ற இருவர் 1991இல் எழுதியது. குறையே இருக்கக்கூடாது என்ற பிடிவாதத்தை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடமே அதை எதிர்பார்ப்பது, அடுத்தவரிடம் எதிர்பார்ப்பது, ஊரார் தன்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நினைத்து நடுங்குவது. உங்களுக்கு இருப்பது முதல் வகை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கடிதத்தைப் படித்தால் இரண்டாவதுதான் அதிகம் தெரிகிறது. பெரியம்மாவின் சுருதி, மகளின் கோடு, போதகர் விட்டுக்கொடுப்பது, எல்லாமே அடுத்தவர் குறை. உங்கள் சொந்த வேலையில் நடந்ததை மட்டும் "போட்டுட்டேன்" என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். முதலாளியிடம் வாய் திறக்க முடியாத கோபம்தான் பெரியம்மாவிடமும் குழந்தையிடமும் போய் விழுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். உங்களை நேரில் பார்த்ததில்லை, அதனால் சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் எதிர்த்துப் பேசினால் நஷ்டம் வரும் இடத்தில் அமைதியாகவும், நஷ்டமே இல்லாத இடத்தில் சத்தமாகவும் இருக்கிறீர்கள் என்பது உங்கள் எழுத்திலேயே இருக்கிறது.

நாலு வரியில் முடித்த விஷயம்

ஷாஃப்டைத் தாங்கிச் சுற்றவிடும் பேரிங் உட்காரும் 25 மில்லிமீட்டர் விட்டத்தில், கூடக்குறைய இருக்க டிராயிங் கொடுக்கும் இடம் மொத்தமே 13 மைக்ரான் என்று எழுதியிருக்கிறீர்கள். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அந்த எல்லைக்கும் கீழே 5 மைக்ரான் சிறுத்துப் போனால் அன்றைக்கே மோட்டார் நின்றுவிடுமா? நிற்காது. முதலாளி சொல்வதில் அவ்வளவு உண்மை இருப்பதால்தான் அந்தப் பொய்யை எழுதுவது இத்தனை சுலபமாக இருக்கிறது. ஆனால் பேரிங் பிடிப்பில்லாமல் உட்கார்ந்தால், அதன் உள்வளையம் ஷாஃப்டின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிச் சுற்ற ஆரம்பிக்கும், சூடேறும், ஷாஃப்டையே தின்னும். சித்திரை மாதம், கிணற்றில் இருக்கிற கொஞ்சத் தண்ணீரைத் தென்னைக்கு இறைக்கும் நேரத்தில், ஆனைமலைப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில் மோட்டார் கத்தும். மெக்கானிக் வந்து "பேரிங் போச்சுங்க" என்பார். தோட்டத்துக்காரர் பேரிங் கம்பெனியைத் திட்டிக்கொண்டே புதுசு வாங்கிப் போடுவார், அதுவும் போகும், கடைசிவரை யாருக்கும் உங்கள் பெயர் தெரியாது. முதலாளியின் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறது: ஒருத்தருக்குத் தெரியும், ராத்திரி ரெண்டு மணிக்கு விழித்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு.

அளவு தப்பின பீஸ் வருவதில் கேவலம் ஒன்றும் இல்லை. கடையும் முனையான இன்சர்ட் தேயும், மிஷினில் வைத்த ஆப்செட் அளவு மாறும், ஆபரேட்டர் புதுசாக இருப்பார். நீங்களே ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், மிஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தால் பெரிதாகக் காட்டும், ஆறினதும் சிறுத்துவிடும், ஆபரேட்டர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது என்று. கணக்குப் போட்டால் 20 டிகிரி சூடு அதிகமிருந்தாலே 25 மில்லியில் 6 மைக்ரான் கூடும், உங்கள் 13இல் பாதி அங்கேயே போயிற்று. இதெல்லாம் வேலையில் உள்ளது. தப்பின பீஸ் ஒன்று, தப்பு என்று தெரிந்தே எழுதின ரிப்போர்ட் வேறொன்று. முதலாவது மிஷினுடைய குறை, இரண்டாவது உங்களுடையது. வசனம் காட்டிக் கேட்டீர்கள், நானும் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவள்தான், அதனால் காட்டுகிறேன்: கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகளில் இருக்கிறது. பாட்டில் சுருதி இறங்குவது அருவருப்பு என்று எங்கேயும் இல்லை. சங்கீதப் புத்தகத்தில் நேர்த்தியாய் வாத்தியம் வாசிக்கச் சொல்லியிருக்கிறதே என்பீர்கள். சரி, அது கீபோர்டுக்காரருக்கு.

இனி என்ன செய்வது? சொன்னபடி கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பது ஒன்று. அதில் உள்ள ஆபத்து உங்களுக்கே தெரியும், நாளைக்கு கஸ்டமர் ஆடிட்டில் அந்தத் தாளை எடுத்துக் கேட்டால் போடச் சொன்னவர் பெயர் அதில் இருக்காது, போட்டவர் பெயர்தான் இருக்கும். நாளைக்கே ராஜினாமாக் கடிதத்தை நீட்டுவது இன்னொன்று, அது வீரம் மாதிரி இருக்கும், வீட்டு வாடகைக்கு உதவாது. நடுவில் ஒரு வழி இருக்கிறது, உங்கள் தொழிலே வைத்திருக்கும் வழி. அதை நீங்கள் முயற்சி செய்ததாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை, எனக்கு ஆச்சரியம் அதில்தான்.

தர நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் முன் ஆபீசில் மாட்டியிருக்கிறது என்று கிண்டலாக எழுதியிருக்கிறீர்கள். அதன் 8.7ஆம் பிரிவே இந்த மாதிரி பீசுகளுக்கானது. தேவைக்குப் பொருந்தாததைத் தனியாகப் பிரித்து வை, என்ன குறை என்று எழுது, என்ன செய்தாய் என்று எழுது, சலுகை வாங்கியிருந்தால் அதையும், முடிவெடுத்தது யார் என்பதையும் எழுது. கஸ்டமரிடம் வாங்கும் அந்தச் சலுகைக்கு உங்கள் பாஷையில் டீவியேஷன். உள்ள அளவை உள்ளபடி எழுதிக் கஸ்டமருக்கு அனுப்பினால், அவர்களுடைய இன்ஜினியர் இந்த லாட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுக்கலாம், முடியாது என்றும் சொல்லலாம். எதுவானாலும் பொய் இல்லாமல் ஷாஃப்ட் வெளியே போகும், அல்லது உள்ளே நிற்கும்.

முதலாளியிடம் இதை மாசக் கடைசியில், வண்டி வாசலில் நிற்கும்போது பேசாதீர்கள். பத்தாம் தேதி வாக்கில், டீ நேரத்தில், உட்கார்ந்து பேசுங்கள். "அண்ணா, உள்ள அளவை நான் எழுதித் தர்றேனுங்க. கஸ்டமர்கிட்ட டீவியேஷன் கேட்டு வாங்கிட்டா தாராளமா லோடு ஏத்திக்கலாம். ஓகேன்னு மட்டும் இனிமே என்னால எழுத முடியாதுங்க." இவ்வளவு போதும். நேர்மையைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டாம். போன இரண்டு லாட்டைப் பற்றியும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், எந்தத் தேதி, எத்தனை பீஸ், எவ்வளவு வெளியே என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் வையுங்கள். அதைக் கஸ்டமரிடம் சொல்வது அவர் முடிவு, ஆனால் உங்களுக்குத் தெரிந்தது அவருக்கும் எழுத்தில் தெரிந்திருக்கட்டும். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

அவர் கோபப்படலாம். வேலையே போகலாம் என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் அவரைக் கெட்டவர் என்று முடிவு கட்டிவிட்டுப் போகாதீர்கள். சிறு, குறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006ஆம் வருடத்துச் சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதைத் தாண்டியும் செக்குக்காக நடந்துகொண்டிருக்கும் முதலாளிகளை எனக்குத் தெரியும். மிஷின் லோன், மாசச் சம்பளம், ஒரு லாட் நின்றால் அடுத்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும் என்ற பயம், இதெல்லாம் சேர்ந்துதான் அந்த "ஆருக்குத் தெரியப் போகுது". நியாயம் என்று சொல்லவில்லை, எதிரில் உட்கார்ந்து பேசும்போது ஞாபகத்தில் இருக்கட்டும் என்கிறேன்.

ராஜினாமா செய்தால் பணம் போய்விடும் என்பது தவறான தகவல். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவர் தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு, அதாவது கிராஜுவிட்டி, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், கடைசியாக வாங்கின மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து ஒரு நாள் சம்பளம் போடுவார்கள். பேச்சுக்கு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 11 வருடத்துக்குச் சுமார் 1,26,900 ரூபாய் வரும். பிஎப் தனி, அதை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம், அடுத்த வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் வக்கீல் இல்லை, தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் சம்பளச் சீட்டுகளைக் காட்டி ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பேசிப் பார்த்து மூன்று மாதத்தில் ஒன்றும் மாறவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள், இந்த ஊரில் 11 வருட அனுபவமுள்ள இன்ஸ்பெக்டருக்கு அது பெரிய பாடாக இருக்காது.

ஊனமான ஆடும் இரண்டு புறாவும்

பெரியம்மாவிடம் நீங்கள் சொன்ன வார்த்தை வேதத்தில் மல்கியா புத்தகத்தில் உள்ளது, குருடும் நொண்டியுமான ஆட்டைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்த கதை. அதே அதிகாரத்தைக் கடைசி வரை படித்தால், தன் மந்தையில் நல்ல கடா இருக்கும்போதே அதை வைத்துக்கொண்டு கெட்டதைக் கொண்டுவருகிறவன்மேல்தான் சாபம் விழுகிறது. குற்றம் ஆட்டின் காலில் இல்லை, வீட்டில் ஒளித்து வைத்த நல்ல ஆட்டில் இருக்கிறது. லேவியராகமத்தில் இன்னொன்று வருகிறது. ஆடு கொண்டுவர வசதி இல்லாதவன் இரண்டு காட்டுப்புறாவோ இரண்டு புறாக்குஞ்சோ கொண்டுவரலாம், அதற்கும் வழியில்லாதவன் கொஞ்சம் மாவு கொண்டுவரலாம். அதை ஊனம் என்று யாரும் சொல்லவில்லை. இயேசு குழந்தையாக இருந்தபோது அவரைப் பெற்றவர்கள் ஆலயத்தில் கொடுத்ததும் அந்தப் புறாப் பலிதான் என்று லூக்கா எழுதுகிறார்.

பெரியம்மா எதையும் வீட்டில் ஒளித்து வைத்துவிட்டு வரவில்லை. இருக்கிற குரலைத்தான் கொண்டுவருகிறார். ஏழே முக்காலுக்கு வரும் வாலிபப் பிள்ளைகளிடம் நல்ல குரல் இருக்கிறது, அவர்கள்தான் அதைக் கொண்டுவருவதில்லை. உங்கள் கடிதத்தின்படியே நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தவர் அந்த அம்மா. திட்டு வாங்கினவரும் அவரே. இதை எழுதும்போது உங்களுக்கு உறைக்கவில்லையா?

பூரணராயிருங்கள் என்ற வசனத்தையும் கொஞ்சம் மேலே போய்ப் படித்துப் பாருங்கள். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் அது எதன் முடிவில் வருகிறது? சத்துருவையும் சிநேகி என்பதில், நல்லவன் கெட்டவன் இருவர் வயலிலும் மழை பெய்கிறது என்பதில். அங்கே பேசப்படும் பூரணம் பிசகில்லாத வேலையைப் பற்றியதல்ல, ஆள் பார்த்து அன்பைக் குறைக்காமல் இருப்பது. அந்த வசனத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வயதான அம்மாவைக் கூட்டத்தில் அவமானப்படுத்தினால், வசனம் உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

போதகர் அரைகுறைக்கு வக்காலத்து வாங்கவில்லை. மன்னிப்புக் கேள் என்றார், அவ்வளவே. பாட்டை நன்றாகப் பாட வேண்டாம் என்று அவர் சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

பாட்டும் நன்றாக வரட்டும், அதற்கு என்ன செய்யலாம்? வயதாக ஆகப் பெண்களின் குரல் இறங்கும், மாதவிடாய் நின்றபிறகு குரல் நாண்கள் சற்றுத் தடிப்பதும் ஒரு காரணம். முப்பது வருடம் முன்னால் அவர் சிரமமில்லாமல் தொட்ட இடத்தை இன்றைக்கு எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, எட்டும்போது இறங்கத்தான் செய்யும். நீங்கள் அந்தப் பாட்டை ஜி சுருதியில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்குமே, அதை இரண்டு தடவை அழுத்தி எப்-புக்கு இறக்கிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை பெரியம்மாவுடையது இல்லை, உங்களுடைய செட்டிங் என்று தெரிய வரலாம். பட்டறையில் வரிசையாக பீஸ் தப்பினால் முதலில் ஆபரேட்டரையா திட்டுகிறீர்கள், செட்டிங்கைத்தானே பார்க்கிறீர்கள்? ஏழு மணிக்கு யார் இருக்கிறார்களோ அவர்களை வைத்து ஆரம்பித்துவிடுங்கள், ரெண்டு பேர் இருந்தாலும் சரி. தாமதமாக வருகிறவர்கள் நடுப்பாட்டில் உள்ளே நுழைய வெட்கப்பட்டு நாலு வாரத்தில் நேரத்துக்கு வந்துவிடுவார்கள், வராவிட்டால் விடுங்கள், நேரத்துக்கு வந்தவர்களுக்காவது பயிற்சி நடந்திருக்கும்.

சிவப்புப் பெட்டி

மகள் விஷயத்துக்கு எங்கப்பா பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்பா அப்போது கெட்ட பீஸைக் கண்டால் கத்துவார், பக்கத்துப் பட்டறைக்குக் கேட்கும். ஆயுத பூஜைக்கு மிஷினைக் கழுவித் துடைக்கும்போது நானும் கூட இருந்தேன், பத்து வயதிருக்கும். லேத்துக்கு அடியில் இரும்புச் சுருளை வாரினால், சுருளுக்குள்ளிருந்து வெண்கல புஷ் வளையம் ஒன்று உருண்டு வந்தது. அப்புறம் இன்னொன்று. ஒன்பது வந்தது, எல்லாம் உள்விட்டம் பெரிதாகிப் போனவை. வேலைக்கிருந்த பையன் சுவரோரமாக நின்றுகொண்டு அழ ஆரம்பித்துவிட்டான். அப்பா அந்த ஒன்பதையும் மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் ஒரு தகரப் பெட்டிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து லேத் பக்கத்திலேயே வைத்தார். இதில் போடுகிற எதற்கும் திட்டு கிடையாது, இதில் போடாமல் வெளியே கிடந்தால்தான் கேள்வி என்றார். முதல் மாதம் பெட்டி நிரம்பி வழிந்தது. ரிஜெக்‌ஷன் பெட்டி உங்கள் யூனிட்டிலும் இருக்கும், அதை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மகளின் பை இப்போது அந்த இரும்புச் சுருள். நோட்டைக் காட்டாததால் அவளுடைய கோடு நேராகிவிடவில்லை, உங்களுக்குத் தெரியாமல் போயிற்று, அவ்வளவுதான். கிழித்ததற்கு அவளிடம் நேராக வருத்தம் சொல்லுங்கள். அடுத்த ஒரு மாதம் நீங்களாக நோட்டைக் கேட்காதீர்கள். அவளாகக் கொண்டுவந்து காட்டினால், "இதுல எந்தப் பக்கம் உனக்குப் பிடிச்சிருக்குது கண்ணு" என்று கேட்டு அந்தப் பக்கத்தை மட்டும் பாருங்கள், மற்றதை மூடி வைத்துவிடுங்கள். கை துறுதுறுக்கும், தெரியும்.

தூக்கம்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் சரியில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், முதலாளியிடம் பேசி முடித்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். கடிதத்தின் ஓரத்தில், கேஸ் மூடியாச்சா, கதவு பூட்டியாச்சா என்று ராத்திரி பலதடவை எழுந்து பார்ப்பதாகச் சின்னதாக எழுதியிருந்தீர்கள். இரண்டு மூன்று தடவை பார்ப்பது நிறையப் பேருக்கு உண்டு. அது வளர்ந்து நேரத்தைத் தின்கிறது, பார்க்காமல் படுத்தால் மனசு படபடக்கிறது என்றால் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்ப்பது நல்லது, சிகிச்சை இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சபையை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடுவதாக இருந்தால் பெரியம்மா வீட்டுக்குப் போய் வந்த பிறகு விடுங்கள். அங்கே போய் "நான் சொன்னது தப்புங்க பெரியம்மா, எல்லார் முன்னாலயும் சொன்னது அதைவிடத் தப்பு" என்று சொல்லுங்கள், "ஆனா" என்ற வார்த்தையைத் தொடாதீர்கள். பாட்டைப் பற்றியோ சுருதியைப் பற்றியோ அன்றைக்குப் பேச்சே வேண்டாம். காபி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனால் அந்த அம்மா கூச்சத்தில் "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க தம்பி" என்று உடனே முடித்துவிடுவார், உங்களுக்கும் அது சுலபமாகப் போய்விடும். தனியாகப் போங்கள்.